அடுப்படி மின் சாமான்களும் அவற்றின் வயர்களும்



சென்ற தலைமுறையில் நமது லயத்துக் காம்பராக்களில் வெளிச்சம் என்றால் குப்பி லாம்புதான். லக்ஷபான மின் நிலையம் 1950ஆம் ஆண்டு வேலை தொடங்கியது. மலைநாட்டு ஆற்றுத் தண்ணீரில் பிறந்த கரண்ட் நமது தேயிலை மலைகளுக்கு மேலாகவே கம்பி வழியே கொழும்புக்குப் போனது. அந்தக் கம்பிக்குக் கீழே இருந்த லயங்களில் வெகுகாலம் மண்ணெண்ணெய்ப் புகைதான் மிச்சம். இதை நமது அப்பாயிமார், அம்மாயிமார் இன்றும் சொல்லிக் காட்டுவார்கள்.

இன்று நிலைமை மாறிவிட்டது. பெரும்பாலான காம்பராக்களில் கரண்ட் இருக்கிறது. கொழும்பில் கார்மெண்டில் வேலை செய்யும் மகள் தீபாவளிக்கு வரும்போது ரைஸ் குக்கர் கொண்டு வருகிறாள். மருமகன் கேத்தல் வாங்கித் தருகிறார். சீட்டுக் காசில் ஒரு பிளெண்டர் வருகிறது. வெறகு தேடி மலை ஏறும் சுமை கொஞ்சம் குறைந்திருக்கிறது. இது நமக்கு மகிழ்ச்சிதான்.

ஆனால் ஒரு விஷயத்தை நாம் யோசிக்கவில்லை. லயம் கட்டியவர்கள் அந்தக் குசினியை ஒரு வெறகு அடுப்புக்காகத்தான் கட்டினார்கள். அங்கே இன்று ஐந்தாறு மின் சாமான்கள் உட்கார்ந்திருக்கின்றன. செருகுவதற்கு இடமோ ஒன்று அல்லது இரண்டு. ஆகவே வயர்கள் கொடி போலத் தொங்குகின்றன, காலில் சிக்குகின்றன, அடுப்புக்குப் பக்கத்தில் உருகுகின்றன. இந்த இதழின் பாடம் இதைப் பற்றியதே.

ஒரு சம்பவம்

நாங்கள் வீடு வீடாகப் போகும் வேலையில் பார்த்த ஒன்றை முதலில் சொல்கிறோம். தோட்டத்தின் பெயரோ, ஆட்களின் பெயரோ வேண்டாம்.

ஒரு நாள் காலை. தாயும் தகப்பனும் பெரட்டுக்குப் போய்விட்டார்கள். பிள்ளைக் காம்பரா திறக்க இன்னும் நேரம் இருந்தபடியால் மூன்று வயதுப் பிள்ளை அப்பாயியுடன் வீட்டில் இருந்தது. அப்பாயி தேத்தண்ணி ஊற்றக் கேத்தலில் தண்ணி கொதிக்க வைத்துவிட்டு, இஸ்தோப்பில் கோழிக்குத் தீனி போடப் போனார். கேத்தல் பலகையின் ஓரத்தில் இருந்தது. அதன் வயர் பிள்ளையின் முகத்துக்கு நேரே தொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை அதைப் பிடித்து இழுத்தது. அவ்வளவுதான்.

பிள்ளை உயிர் பிழைத்தது. ஆனால் மார்பிலும் வலது கையிலும் தழும்பு இருக்கிறது. தாய் பல கிழமை ஆஸ்பத்திரியில் பிள்ளையோடு கிடந்தார். அந்த நாட்களுக்குப் பேரும் இல்லை, சம்பளமும் இல்லை. அந்தத் தாய் எங்களிடம் சொன்ன ஒரு வார்த்தையை நாங்கள் மறக்கவில்லை: "வயரை மேல எடுத்துப் போட்டிருந்தா போதுமே ஐயா. ஒரு நிமிசத்து வேல."

அந்த அப்பாயியைக் குறை சொல்ல இந்தச் சம்பவத்தை எழுதவில்லை. சாமானை வாங்கித் தந்த நாம் யாரும் அதை எங்கே வைப்பது என்று அவருக்குச் சொல்லித் தரவில்லை. கேத்தல் வாங்கின அன்றே அதற்கு ஒரு இடம் ஒதுக்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். நமது வீடுகள் தனித்தனி வீடுகள் அல்ல. ஒரு லயத்தில் பத்துப் பன்னிரண்டு குடும்பம் ஒரே கூரையின் கீழ் இருக்கிறது. ஒரு காம்பராவில் பிடித்த நெருப்பு கூரைச் சட்டம் வழியாக அடுத்த காம்பராவுக்குத் தாவும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் புத்தகம், சேமித்த நகை எல்லாம் அரை மணி நேரத்தில் போய்விடும். ஆகவே வயரை ஒழுங்காக வைப்பது நமது வீட்டு விஷயம் மட்டுமல்ல, லயத்தின் பொது விஷயம்.

முதலாம் படி: என்ன இருக்கிறது என்று எண்ணுங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உள்ள மின் சாமான்கள் எல்லாவற்றையும் வயரோடு ஒரு பாயில் எடுத்து வையுங்கள். அவற்றை மூன்று கூட்டமாகப் பிரியுங்கள்.

1. தினமும் பாவிப்பவை: கேத்தல், ரைஸ் குக்கர் போன்றவை.
2. கிழமைக்கு ஒரு தடவை, அல்லது விசேஷ நாட்களுக்கு மட்டும் எடுப்பவை: பிளெண்டர், கிரைண்டர், ஸ்திரிக்கைப் பெட்டி போன்றவை.
3. பழுதானவையும், எதற்கென்றே தெரியாத வயர்களும்.

தினமும் பாவிப்பவை மட்டுமே பலகையில் இருக்க வேண்டும். இரண்டாவது கூட்டம் பெட்டியிலோ மேல் தட்டிலோ போக வேண்டும். மூன்றாவது கூட்டத்துக்கு இந்த மாதத்திலேயே ஒரு முடிவு கட்டுங்கள். திருத்தக் கொடுங்கள், அல்லது பழைய சாமான் எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். "என்றைக்காவது உதவும்" என்று கட்டிலுக்கடியில் போட்டு வைத்த பழைய கேத்தலை விளையாட்டுப் பிள்ளை ஒரு நாள் எடுத்துப் பிளக்கில் செருகும். திருத்த முடியாத சாமானின் வயரை, பிளக் வெளியே இருக்கும்போது, அடியோடு வெட்டி விடுவது நல்லது.

இரண்டாம் படி: சாமானின் பசியை அறியுங்கள்

ஒவ்வொரு சாமானின் அடியிலோ பின்னாலோ ஒரு சிறு தகடு அல்லது ஒட்டுத்தாள் இருக்கும். அதில் ஒரு இலக்கமும் W என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். அதுதான் வாட். அந்தச் சாமான் எவ்வளவு கரண்ட் சாப்பிடும் என்று அது சொல்கிறது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

பொதுவாக ஒரு எல்.ஈ.டி. பல்பு 9 வாட் அளவில் எடுக்கும். பிளெண்டர் 300 முதல் 500 வாட். வீட்டு அளவு ரைஸ் குக்கர் 700 வாட் அளவு. ஸ்திரிக்கைப் பெட்டி 1000 வாட் அளவு. கேத்தல் 1500 முதல் 2200 வாட் வரை. குளிக்கத் தண்ணி சுட வைக்கும் கொயில் 1000 வாட் அல்லது அதற்கு மேல். இதிலிருந்து ஒரு விஷயம் விளங்கும். சுற்றுபவை, ஒளி தருபவை குறைவாகச் சாப்பிடும். சூடாக்குபவை எல்லாம் பெருந்தீனி.

இனி ஒரு சிறு கணக்கு. நமது நாட்டில் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். வாட்டை 230ஆல் வகுத்தால் எத்தனை அம்பியர் என்று வரும். 1500 வாட் கேத்தல் 6.5 அம்பியர். 700 வாட் ரைஸ் குக்கர் 3 அம்பியர். 1000 வாட் ஸ்திரிக்கைப் பெட்டி 4.3 அம்பியர்.

சதுர முள் உள்ள பெரிய பிளக் பொயின்ட் 13 அம்பியர் தாங்கும். அதாவது 13 × 230 = 2990 வாட். பழைய லயங்களில் இருக்கும் உருண்டை முள் சிறிய பொயின்ட் 5 அம்பியர்தான். 5 × 230 = 1150 வாட். ஆகவே 1500 வாட் கேத்தலை அந்தச் சிறிய பொயின்டில் ஒரு நாளும் போடக் கூடாது. அந்தக் கேத்தலையும் ரைஸ் குக்கரையும் ஸ்திரிக்கைப் பெட்டியையும் ஒரு மல்டி பிளக் வைத்து ஒரே 13 அம்பியர் பொயின்டில் போட்டால் 3200 வாட் ஆகிறது. பொயின்ட் தாங்காது. முதலில் சூடேறும், பிறகு மணக்கும், பிறகு உருகும்.

பாடம்: ஒரு பொயின்டில் சூடாக்கும் சாமான் ஒரு நேரத்தில் ஒன்றுதான். இந்த ஒரு விதியை மட்டும் மனதில் வைத்தால்கூட இந்தக் கட்டுரையின் பாதி வேலை முடிந்தது. சோறு வெந்த பிறகு கேத்தல். கேத்தல் கொதித்த பிறகு ஸ்திரிக்கைப் பெட்டி.

மூன்றாம் படி: ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம்

காம்பரா சிறியது. இடம் இல்லை என்று நீங்கள் சொல்வது எங்களுக்குத் தெரியும். ஆனால் இடம் குறைந்த வீட்டில்தான் ஒழுங்கு அதிகம் தேவை. பெட்டிப் பலகை இரண்டு கிடைத்தால் போதும். இடுப்பு உயரத்தில், சுவரோடு சேர்த்து உறுதியான ஒரு தட்டு அடிக்கலாம். தட்டு அடிக்குமுன் கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

1. பிளக் பொயின்டுக்குப் பக்கத்தில் அடியுங்கள். சாமானின் சொந்த வயரே எட்ட வேண்டும். எக்ஸ்டென்ஷன் தேவைப்படாத இடமே நல்ல இடம்.

2. தண்ணி வாளி, பாத்திரம் கழுவும் இடம் ஆகியவற்றிலிருந்து கை எட்டாத தூரம் தள்ளி இருக்கட்டும். ஈரக்கையால் சுவிட்சைத் தொடும் பழக்கம் இதனால் குறையும்.

3. வெறகு அடுப்புக்கும் காஸ் அடுப்புக்கும் நேர் மேலேயோ பக்கத்திலேயோ வேண்டாம். வெக்கையில் வயரின் மேல்தோல் வெடிக்கும்.

4. கூரைத் தகரம் ஒழுகும் இடத்துக்குக் கீழே வேண்டாம். மழைக்காலத்தில் ஒரு தடவை அண்ணாந்து பார்த்த பிறகு இடத்தைத் தீர்மானியுங்கள்.

5. சாமானைத் தட்டின் ஓரத்திலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி வையுங்கள். வயர் சாமானுக்குப் பின்னால் போக வேண்டும். முன்னால் ஒரு விரல்கடை வயரும் தொங்கக் கூடாது.

6. மாவு, அரிசி வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வயரைச் சுருட்டி வைக்காதீர்கள். தீனி தேடி வரும் எலி வயரையும் கடிக்கும். எலி கடித்த வயர் மேலே பார்க்க நன்றாக இருக்கும். பின்பக்கம் செம்பு தெரியும்.

7. மலையிலிருந்து வந்ததும் ஈரப் படங்கையும் கம்பளியையும் ரைஸ் குக்கருக்கு மேலேயோ, வயர் போகும் கம்பியிலோ காயப் போடும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. இது மிகவும் ஆபத்தானது. அதற்கு வேறு கொடி கட்டுங்கள்.

நான்காம் படி: வயரை மடிப்பதும் வைப்பதும்

நமது தாய்மார்கள் கொழுந்துக் கூடைக் கயிற்றைச் சிக்கல் இல்லாமல் மாட்டி வைப்பார்கள். அதே அக்கறை வயருக்கும் வேண்டும்.

வேலை முடிந்ததும் முதலில் சுவிட்சை அணையுங்கள். பிறகு பிளக்கின் உடலைப் பிடித்துக் கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். இழுக்க இழுக்க உள்ளே திருகாணியில் உள்ள கம்பி தளரும். தளர்ந்த கம்பிதான் பொறி தட்டும்.

சாமான் நன்றாக ஆறும்வரை வயரை அதன்மேல் சுற்றாதீர்கள். சூடான ஸ்திரிக்கைப் பெட்டியில் சுற்றிய வயர் இரண்டு மாதத்தில் பிசுபிசுக்கும். ஆறிய பிறகும் இறுக்கிச் சுற்ற வேண்டாம். உள்ளங்கை அகலத்துக்குத் தளர்வாக மடித்து, நடுவில் ஒரு கட்டுப் போடுங்கள். கட்டுவதற்குக் காசு கொடுத்து எதுவும் வாங்கத் தேவையில்லை. பழைய சைக்கிள் டியூபைக் குறுக்கே வெட்டினால் நல்ல வளையம் கிடைக்கும். பழைய சேலைக் கரையும் போதும். கம்பியால் கட்ட வேண்டாம்.

ரைஸ் குக்கரின் வயர் தனியே கழரும் வகையாக இருந்தால் அதை ஒரு சிறு துணிப் பையில் போட்டு ஆணியில் மாட்டுங்கள். குக்கர் பானைக்குள் ஈரத்தோடு போட்டு மூடி வைக்காதீர்கள். அந்த வயரை வேறு சாமானுக்கு மாற்றிப் போடவும் கூடாது. பார்வைக்கு ஒன்று போல இருந்தாலும் மெல்லிய வயரில் பெரிய சாமான் ஓடினால் வயர் சூடாகும்.

எந்த வயர் எதற்கு என்று தெரியாமல் போவது பெரிய தொல்லை. வெள்ளைப் பிளாஸ்டர் துண்டில் பேனையால் "குக்கர்", "கேத்தல்", "பிளெண்டர்" என்று எழுதிப் பிளக்குக்குப் பக்கத்தில் ஒட்டி விடுங்கள். எழுத்துத் தெரியாத பெரியவர்களுக்கு வெவ்வேறு நிறத் துணி கட்டி அடையாளம் சொல்லிக் கொடுங்கள். தவறான சுவிட்சைப் போடுவது இதனால் குறையும்.

வயரைப் பாய்க்கு அடியில், கதவிடுக்கில், ஜன்னல் சட்டத்தில் நசுங்கும்படி கொண்டு போகாதீர்கள். சுவரில் வெறும் ஆணி அடித்து அதில் வயரை மடக்கி மாட்டாதீர்கள். வெட்டுப்பட்ட வயரை செலோடேப் போட்டு ஒட்டிப் பாவிக்காதீர்கள். வயர் வெட்டுப்பட்டால் முழு வயரையும் மாற்றுவதுதான் மருந்து.

ஐந்தாம் படி: பிளக்கும் மல்டி பிளக்கும் எக்ஸ்டென்ஷனும்

இங்கே எங்கள் சொந்தக் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். உங்களுக்குப் புத்தி சொல்லும் எங்கள் காரியாலயத்தில் தேத்தண்ணி மேசைக்குப் பக்கத்தில் ஒரு மல்டி பிளக் இருந்தது. கேத்தல், சிறு ஹீட்டர், போன் சார்ஜர்கள் எல்லாம் அதில்தான். ஒரு மழைநாளில் பிளாஸ்டிக் மணம் வந்தது. பார்த்தால் மல்டி பிளக்கின் ஒரு பக்கம் பழுப்பாகிக் குழைந்திருந்தது. அன்று நாங்கள் வெளிக்களப் பயணம் போயிருந்தால் திரும்பி வரும்போது அறை இருந்திருக்காது. அன்றுதான் எங்கள் சாமான்களின் அடியில் உள்ள வாட் இலக்கங்களை முதன்முதலாகக் கூட்டிப் பார்த்தோம்.

மல்டி பிளக்கில் போன் சார்ஜர், ரேடியோ, டிவி போன்ற சிறுதீனிச் சாமான்கள் மட்டும் இருக்கலாம். சூடாக்கும் சாமான் நேராகச் சுவர்ப் பொயின்டுக்கே போக வேண்டும். ஒரு மல்டி பிளக்கில் இன்னொரு மல்டி பிளக்கைச் செருகாதீர்கள். எக்ஸ்டென்ஷன் பாவித்தே ஆக வேண்டுமென்றால் சுருளை முழுவதும் அவிழ்த்து விடுங்கள். சுருண்டபடியே பாவித்தால் உள்ளே சூடு அடைபட்டு வயர் உருகும்.

இரண்டு வயர் நுனிகளைப் பொயின்டில் விட்டு நெருப்புக்குச்சியால் இறுக்குவது, மூன்றாம் துளையில் குச்சியைக் குத்தி இரண்டு முள் பிளக்கைச் செருகுவது: இந்த இரண்டையும் பல காம்பராக்களில் கண்டிருக்கிறோம். தயவு செய்து இன்றே நிறுத்துங்கள். பிளக்கின் மூன்றாவது முள், நீளமானது, அழகுக்கு வைத்ததல்ல. அது எர்த். கேத்தல், ஸ்திரிக்கைப் பெட்டி போன்ற இரும்பு உடல் சாமானில் கரண்ட் கசிந்தால் அதை மண்ணுக்குக் கொண்டு போவது அந்த முள்தான். அது இல்லாவிட்டால் கரண்ட் மண்ணுக்குப் போகும் வழி உங்கள் உடம்புதான். சில பிளாஸ்டிக் சாமான்களில் சதுரத்துக்குள் சதுரம் போல ஒரு அடையாளம் இருக்கும். அவற்றுக்கு மட்டுமே எர்த் வயர் தேவையில்லை. அவற்றுக்கும் சரியான அடப்டர் வாங்கிப் போட வேண்டும், குச்சி கூடாது.

பிளக் மாற்றும்போது தெரிந்தவரைக் கொண்டே மாற்றுங்கள். மண்ணிறம் கரண்ட் வரும் வயர், நீலம் திரும்பும் வயர், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். பழைய வயர்களில் சிவப்பு, கறுப்பு, பச்சை என்று இருக்கும். சதுர முள் பிளக்குக்குள் ஒரு சிறு பியூஸ் உண்டு. 700 வாட் வரையிலான சாமானுக்கு 3 அம்பியர் பியூஸ், அதற்கு மேற்பட்டதற்கு 13 அம்பியர் பியூஸ். பியூஸ் போனால் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிப் போடாதீர்கள். அப்படிச் செய்தால் காவல்காரனைக் கட்டிப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைத்தது போல ஆகும்.

ஆறாம் படி: ட்ரிப் சுவிட்ச்

மீட்டருக்குப் பக்கத்தில் உள்ள பெட்டியில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் 30 மில்லி அம்பியர் என்று எழுதியிருக்கும். கசியும் கரண்ட் அந்த அளவுக்கு வந்தால் கண் இமைக்குமுன் அது அணைத்துவிடும். ஒரு 9 வாட் பல்பு எடுக்கும் கரண்ட்கூட அதைவிட அதிகம். அப்படியானால் எவ்வளவு சிறிய கரண்ட் மனிதனைக் கொல்லும் என்று யோசித்துக் கொள்ளுங்கள்.

அந்த ட்ரிப் சுவிட்சில் T என்று எழுதிய சிறு பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒரு தடவை, சம்பள நாளன்று, அதை அழுத்திப் பாருங்கள். உடனே கரண்ட் நிற்க வேண்டும். நின்றால் மீண்டும் மேலே தூக்கி விடலாம். நிற்காவிட்டால் அது வேலை செய்யவில்லை என்று அர்த்தம். தகுதி பெற்ற எலக்ட்ரீஷனைக் கூப்பிட வேண்டும்.

"அடிக்கடி விழுது, தொல்லையா இருக்கு" என்று சிலர் அந்தச் சுவிட்சைக் கட்டி வைக்கிறார்கள், அல்லது அதைத் தாண்டி வயர் இழுக்கிறார்கள். அது விழுவது தொல்லை தருவதற்கல்ல, ஏதோ ஒரு சாமான் கசிகிறது என்று சொல்வதற்கு. எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எதைப் போடும்போது விழுகிறதோ அதுதான் குற்றவாளி. அதைத் திருத்தும்வரை தொடாதீர்கள். எல்லாம் கழற்றியும் விழுந்தால் சுவர் வயரிங்கில் குறை இருக்கிறது. அதற்கு எலக்ட்ரீஷன்தான் வர வேண்டும்.

பக்கத்துக் காம்பராவிலிருந்து மெல்லிய வயரில் கரண்ட் எடுப்பதும் நம்மிடையே உண்டு. கஷ்டத்தில் செய்கிறார்கள், எங்களுக்கும் விளங்குகிறது. ஆனால் ஒரு வீட்டுக்குப் போட்ட வயரிங்கில் இரண்டு வீட்டுச் சாமான்கள் ஓடினால் தீப்பிடிப்பது கொடுத்தவர் வீட்டில்தான். உங்களுக்கு மின் இணைப்பு இல்லையென்றால் விண்ணப்பிப்பதற்கு எங்களிடம் வாருங்கள். கடிதங்கள் தயாரிக்க உதவி செய்கிறோம்.

ஏழாம் படி: ஒரு நாளின் ஒழுங்கு

வெள்ளன எழுந்ததும் முதலில் ரைஸ் குக்கர். உள்பானையின் அடியைத் துணியால் துடைத்த பிறகே வைக்க வேண்டும். சோறு வெந்ததும் சுவரில் சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றுங்கள். பிறகு கேத்தல். தண்ணி ஊற்றும்போது பிளக் வெளியே இருக்கட்டும். தேவையான அளவு மட்டும் ஊற்றி, ஒரே தடவையில் கொதிக்க வைத்துப் பிளாஸ்கில் ஊற்றி வையுங்கள். 1500 வாட் கேத்தல் பத்து நிமிடம் ஓடினால் கால் யூனிட். நாளைக்கு நாலு தடவை அப்படி ஓட்டினால் ஒரு யூனிட் போய்விடும். பிளாஸ்க் இருந்தால் காசும் மிச்சம். அப்பாயி கொதிக்கிற கேத்தலைத் தொடவும் வேண்டியதில்லை.

பெரட்டுக்குப் புறப்படுமுன் வாசலில் நின்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். பிளக்குகள் வெளியே இருக்கின்றனவா? வயர்கள் மேலே இருக்கின்றனவா? வீட்டில் இருக்கும் பெரியவருக்குச் சொல்லிவிட்டீர்களா? பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும்.

தண்ணி சுட வைக்கும் கொயிலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கொயில் தண்ணிக்குள் இருக்கும்போது சூடு பார்க்க விரலை விடாதீர்கள். முதலில் சுவிட்சை அணையுங்கள், பிளக்கைக் கழற்றுங்கள், பிறகு கொயிலை வெளியே எடுங்கள், அதன் பிறகே தண்ணியைத் தொடுங்கள். பிள்ளைகளைக் கொயில் பக்கம் விடவே கூடாது.

சித்திரை மாதத்தை ஒட்டியும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரத்தில் இடி மின்னல் அதிகம். வானம் கறுத்ததும் எல்லாப் பிளக்கையும் கழற்றி விடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

ஆபத்து நேர்ந்தால்

கரண்ட் அடித்தவரைக் கையால் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். அது முடியாவிட்டால் காய்ந்த பலகையில் நின்று, காய்ந்த கம்பால் வயரைத் தள்ளுங்கள். மூச்சு இல்லையென்றால் உடனே 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அம்புலன்ஸ் சேவை இலவசம். தெரிந்தவர்கள் அது வரும்வரை மார்பை அழுத்தும் முதலுதவியைச் செய்ய வேண்டும்.

சுடுதண்ணி பட்டால் பீலித் தண்ணியை மெல்ல ஓட விட்டு இருபது நிமிடம் காட்டுங்கள். வளையல், கயிறு, மோதிரம் இருந்தால் வீங்குமுன் கழற்றுங்கள். பற்பசை, எண்ணெய், மை, மாவு எதுவும் பூசக் கூடாது. கொப்புளத்தை உடைக்கக் கூடாது. சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். சிறு பிள்ளை என்றால் காயம் சிறியதானாலும் காட்டத்தான் வேண்டும்.

மின் சாமான் தீப்பிடித்தால் மெயினை அணைக்குமுன் தண்ணி ஊற்றாதீர்கள். காய்ந்த மணலைக் கொட்டலாம். தீ கூரைக்கு ஏறிவிட்டால் சாமானைப் பார்க்க வேண்டாம். பிள்ளைகளையும் பெரியவர்களையும் வெளியேற்றி, பக்கத்துக் காம்பராக்களைத் தட்டி எழுப்புங்கள்.

வீட்டுப் பயிற்சி

கீழ்க்கண்டவற்றைக் குடும்பமாக இருந்து செய்து பாருங்கள். கணக்கைப் பிள்ளைகளிடம் விடுங்கள்.

1. உங்கள் வீட்டில் எத்தனை மின் சாமான்கள் உண்டு? ஒவ்வொன்றும் எத்தனை வாட்? ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

2. 700 வாட் ரைஸ் குக்கர், 1800 வாட் கேத்தல், 1000 வாட் ஸ்திரிக்கைப் பெட்டி மூன்றையும் ஒரே 13 அம்பியர் பொயின்டில் போடலாமா? (விடை: கூடாது. கூட்டினால் 3500 வாட். பொயின்ட் தாங்குவது 2990.)

3. உங்கள் குசினியில் மூன்று வயதுப் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து நின்று பாருங்கள். கைக்கு எட்டும் வயர் எத்தனை?

4. ட்ரிப் சுவிட்சின் பொத்தானை அழுத்தினீர்களா? விழுந்ததா?

மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. நாங்கள் வீடுகளுக்கு வரும்போது முதலில் அதைத்தான் கேட்போம். குனிந்து பார்த்த பல தாய்மார்கள், "இவ்வளவு நாளும் நமக்குத் தெரியலையே" என்று சொல்லியிருக்கிறார்கள். நமது கண் உயரத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். பிள்ளை பார்க்கும் உலகம் வேறு.

அந்தச் சம்பவம் நடந்த வீட்டுக்கு நாங்கள் பிறகும் போயிருக்கிறோம். இப்போது அங்கே சுவரோடு ஒரு தட்டு இருக்கிறது. கேத்தல் உள்ளே தள்ளி இருக்கிறது. வயர் சைக்கிள் டியூப் வளையத்தில் மடித்து ஆணியில் தொங்குகிறது. தட்டை அடித்தவர் தகப்பன். வளையம் வெட்டித் தந்தவர் அப்பாயி. அவர்கள் பெரிய விலை கொடுத்துக் கற்ற பாடத்தை நீங்கள் செலவில்லாமல் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே எமது ஆசை. இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்.